அவள் தூக்கிய எடை

எனக்கு மாரடைப்பு வந்ததாகப் போடியில் ஒரு பேச்சு இருக்கிறது. ஏலக்காய்க் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் என்னைக் காண்கிறவர்கள் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்கள். அந்தப் பேச்சை யார் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. மறுக்காமல் விட்டவன் நான். மாரடைப்பு என்பது தொழிலும் பொறுப்பும் உள்ளவர்களுக்கு வரும் நோய் என்று ஒரு மதிப்பு அதற்கு உண்டு. எனக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். புதரில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சி கடித்ததால் வந்தது.

மலைத்தோட்டங்களுக்குப் போய்வருகிறவர்கள் அந்தக் காய்ச்சலைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது என் மனைவி ஈஸ்வரியின் வலது தோள். அது இனி முழுமையாக உயராது. அப்படி ஆனதற்குக் காரணம் நான்.

குரங்கணிக்கு மேலே எங்கள் குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஸ்டோருக்கு, அதாவது ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு, செங்குத்தான ஒற்றையடிப் பாதை ஒன்று ஏறும். ஜீப்பின் முன் இருக்கையில் அமர்ந்து வாரந்தோறும் அங்கே போய்வந்ததை வைத்து, என்னை நானே மலையேறுகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஆண்கள் கையில் ஒரு பையைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் பையை வாங்கிக்கொள்ள ஒரு கை நீளும். கூலி வாங்கிக்கொண்டு சுமை தூக்குவது உழைப்பு, கூலி இல்லாமல் இரும்பைத் தூக்குவது வெட்டி வேலை என்று ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஈஸ்வரி ஒரு காலத்தில் கேன்வாஸ் செருப்பு வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் என்னோடு நடக்க வருமாறு கேட்டாள். மனைவியோடு கை வீசிக்கொண்டு தெருவில் நடப்பது என் நிலைக்குப் பொருந்தாது என்றேன். சில நாள் தனியே போனாள். பிறகு அந்தச் செருப்பை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

அறுபதைத் தாண்டிய பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தொடைகள் நடுங்கின. அதைத் தொழிலாளிகள் பார்ப்பதை நான் விரும்பவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கங்காணி மாடசாமியை முன்னால் அனுப்பிவிட்டு, "நான் செடியைப் பாத்துட்டு வர்றேன்" என்பேன். அவன் தலை மறைந்ததும் பாதையை விட்டு விலகி, புதர் மறைவில் புல்மேல் உட்கார்ந்து இளைப்பாறுவேன். ஒருமுறை நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, மேலே மாடசாமி புதிதாக வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மொதலாளி செடி செடியாப் பாத்துட்டுத்தான் மேல வருவாரு. அவரு கண்ணுக்குத் தப்பி ஒரு ஏலத் தண்டுக்கு நோவு வந்துர முடியாது. வெரசாக் கையை ஓட்டுங்க."

எனக்கு அது பெருமையாகவே இருந்தது. அந்தப் புல்லில்தான் பூச்சி இருந்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண்களுக்குப் பின்னால் யாரோ அழுத்துவது போன்ற தலைவலி. போடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை என்று இரத்தப் பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இல்லை என்ற விடை வரும்தோறும் வீட்டார் முகத்தில் நிம்மதியும், மருத்துவர் முகத்தில் கவலையும் கூடின. மருத்துவர் இளம்பெண். மூன்றாம் முறை பார்க்க வந்தபோது கேட்டார்.

"ஐயா, உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு மாதிரி இருக்கா? சிகரெட்டால சுட்டது கணக்கா இருக்கும். வலிக்காது, அரிக்காது. செத்த உடுப்பைத் தளத்துனீங்கன்னா பாத்துருவேன்."

"அப்படி ஒண்ணும் இல்ல."

"மலைக்குப் போறவங்கன்னு சொன்னீங்க. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாக்கணுங்கய்யா. வேணும்னா ஆம்பள நர்சை வரச் சொல்றேன்."

"இல்லைன்னு சொல்றேன்ல."

ஈஸ்வரி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். "காட்டுங்களேன். டாக்டர்தானே" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பார்வையை நான் எங்கள் மண வாழ்க்கை முழுவதும் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

வேட்டி முடிச்சுக்குக் கீழே, இடப்புறம், அந்தப் பொருக்கு இருந்தது. குளிக்கும்போது நானே பார்த்திருந்தேன். இடுப்பு வார் உராய்ந்து வந்த காயம் என்று எண்ணியிருந்தேன். மருத்துவர் விவரித்தபோது அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண்பிள்ளை முன்னால், என் மகனைவிட இளையவள் முன்னால், வேட்டியைத் தளர்த்துவதைவிட அது இடுப்பு வார்க் காயமாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். "தினமும் நடப்பீங்களாய்யா?" என்று அவர் கேட்டதற்கும், "மலையில நடக்கிறவன்மா நான்" என்றே பதில் சொன்னேன். நல்ல திடகாத்திரம் என்று அவர் எண்ணியிருப்பார்.

இரண்டு நாளில் மூச்சு முட்டியது. தேனியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றும், சிறுநீரகம் தளர்கிறது என்றும் சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. முகமூடிக்குள் காற்று இரைந்தது. பகலும் இரவும் ஒரே வெளிச்சமாக இருந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒருநாள் இல்லை. அவர் வீட்டுக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை. சென்னையிலிருந்து வந்த மகன் கண்ணாடிக்கு அப்பால் நின்றான். மருமகள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அன்றன்றைய ஏலக்காய் விலையைக் கேட்டு வைத்திருந்து, உள்ளே வர அனுமதி கிடைத்தபோதெல்லாம் காதருகே சொன்னாள்.

என் உடம்பைத் துடைத்த செவிலி ஒருத்திதான் அந்தப் பொருக்கைக் கண்டாள். பிறகு எல்லாம் எளிது. உண்ணிக் காய்ச்சலுக்கு உரிய மருந்து மிகச் சாதாரணமானது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. முதல் நாளே தொடங்கியிருந்தால் போடியிலேயே குணமாகி வீடு திரும்பியிருப்பேன் என்று பின்னால் சொன்னார்கள். "இது மொதல்லயே இருந்துச்சாம்மா?" என்று தேனி மருத்துவர் கேட்டபோது, ஈஸ்வரி, "நான்தான் கவனிக்கல சார்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் குற்றத்தையும் அவளே வாங்கிக்கொண்டாள். எனக்கு நினைவு தெளிந்த பிறகு, மலையில் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். புதர் மறைவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஈஸ்வரி அருகில் நின்று டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் போனது. நான் எழவில்லை. எழ முடியவில்லை. பொது அறைக்கு மாற்றிய அன்று, கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைத்தார்கள். தொடைகளைக் குனிந்து பார்த்தேன். வேறு யாருடைய கால்களோ போல் இருந்தன. படுக்கையில் கிடக்கும் வயதானவர்களுக்குத் தசை வேகமாகக் கரையும் என்று மருத்துவர் விளக்கினார். ஏற்கெனவே வலுவுள்ளவர்களிடம் கரைந்தது போக மிச்சம் இருக்கும், அதை வைத்து எழுந்துவிடுவார்கள் என்றார். "காய்ச்சல் கொஞ்சத்தைத்தான்யா கொண்டு போச்சு. மிச்சம் நீங்க வரும்போதே இல்லை."

அந்த அறையில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைப்பதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். அவருடைய தகப்பனார் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

"மொதலாளி, நான் புடிச்சுக்கிறேன். நீங்க அப்படியே எம்மேல சாயுங்க" என்று அவர் கைகளை நீட்டினார்.

"வேண்டாம். அவ பாத்துக்குவா."

ஈஸ்வரி திரையை இழுத்து மூடினாள். என் அக்குள்களுக்கு அடியில் கைகளைக் கொடுத்து, தன் முகத்தை என் தோளில் வைத்து, "ம், இப்ப" என்று சொல்லித் தூக்கினாள். அவள் என் தோளுயரம்தான் இருப்பாள். கழிவறைக்குப் போக, திரும்ப, சாய்ந்து உட்கார, படுக்க என்று ஒரு நாளைக்குப் பலமுறை இது நடந்தது. சிலமலைக்காரர் திரைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். திரைக்குக் கீழே அவருடைய செருப்புகள் எனக்குத் தெரியும். ஒருநாள் கழிவறையில் நான் அமர்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போனது. அவள் இழுத்தாள். நான் முழுப் பாரத்தையும் அவள் மேல் போட்டேன். அவள் தொண்டையிலிருந்து சிறிய ஓசை ஒன்று வந்தது. "என்ன?" என்றேன். "வழுக்குச்சு" என்றாள்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, நண்பகலில், ஈஸ்வரியின் தம்பி முத்துவேல் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார். அவர் போடியில் ஜீப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஈஸ்வரி தட்டை என் மடியில் வைத்து ரசம் ஊற்றினாள். இடது கையால் ஊற்றினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "என்ன பழக்கம் இது? இடது கையிலயா பரிமாறுவே?"

அவள் கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். அது தட்டின் உயரத்துக்கு வருவதற்குள் முகம் வெளுத்தது. ரசம் என் போர்வையில் சிந்தியது.

முத்துவேல் எழுந்தார். "அக்கா, கையைத் தூக்கு."

"ஒண்ணுமில்லடா. பிடிப்பு."

"தூக்குங்கிறேன்ல."

அவள் தூக்கினாள். தோள் மட்டத்துக்குக்கூட வராமல் கை நடுவழியில் நின்றது. அவள் அதை இடது கையால் பிடித்து மெல்ல இறக்கினாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"சோறு ஆறுது. மாமா சாப்பிடட்டும்."

முத்துவேல் என் பக்கம் திரும்பினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர் அவர்.

"மாமா, நீங்க ஊருக்குப் பெரிய மனுசன். நான் இல்லைங்கல. எங்க அக்கா கோழிக்குஞ்சு கணக்கா இருக்கா. வெளிய ஆளு நிக்குது, தூக்கத்தான் நிக்குது. அவன் தூக்குனா உங்க மருவாதை எங்க ஓடிப்போயிருது?"

"மாப்ளே, மெதுவாப் பேசுங்க. பக்கத்துக் கட்டில்ல ஆளிருக்கு" என்றேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

அதே மருத்துவமனையின் மேல்மாடியில் எலும்பு மருத்துவர் ஈஸ்வரியைப் பரிசோதித்தார். தோள் மூட்டைச் சுற்றிக் கையை உயர்த்திப் பிடிக்கும் தசைநார்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று அறுந்துவிட்டது என்றார். அறுந்த முனை உள்ளே சுருங்கிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, தைத்தாலும் பிடிக்குமா என்பது சந்தேகம் என்றார். பயிற்சியால் ஓரளவு மீளலாம், பழைய உயரம் வராது. அன்று மாலை முதல் சிலமலைக்காரர் என்னைத் தூக்கினார். சுலபமாக, ஒரு குழந்தையை இடம் மாற்றுவது போலத் தூக்கினார். இன்றுவரை அவர் இதைப் பற்றி ஊரில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடு திரும்பிய பிறகு, இராசிங்காபுரத்திலிருந்து சரண்யா என்ற இயன்முறை மருத்துவர் வந்துபோனார். எனக்கும் ஈஸ்வரிக்கும் சேர்த்தே சிகிச்சை. நான் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். ஈஸ்வரி சுவரில் விரல்களால் மேலே மேலே ஏற வேண்டும். அவள் விரல்கள் நாள்காட்டியின் அடிவிளிம்பு வரை ஏறும். அங்கே நின்றுவிடும்.

"கையை ஊணாம எந்திரிங்க அப்பு. அங்க என்ன அம்மாவைப் பாக்கறீங்க? அவங்க சோலியை அவங்க பாப்பாங்க."

வீட்டுப் பெரியவரைப் போல உரிமையோடு என்னை அப்பு என்று கூப்பிடும் துணிச்சல் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். சில வாரங்களில் நாற்காலி எளிதாயிற்று. இனி எடை தூக்கினால்தான் தசை மேலும் வளரும், இல்லையென்றால் அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி இதே கதைதான் என்று சரண்யா சொல்லிவிட்டார். முத்துவேலுக்குத் தெரிந்த ஒரு உடற்பயிற்சிக்கூடம் கடைத்தெருவில், சிமெண்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது.

"ஆளில்லாத நேரம் எதுன்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ளே" என்றேன்.

ஈஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "ஆளில்லாத நேரமாப் பாத்துத்தான புதருக்குள்ள ஒக்காந்தீங்க."

முத்துவேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் என் பழைய பார்வையை அவள்மேல் செலுத்தினேனா என்று நினைவில்லை. செலுத்தியிருந்தாலும் அவள் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை, கடைத்தெரு நிறைந்திருந்த நேரத்தில், கால்சட்டை அணிந்து நடந்தே போனேன். கூடத்தை நடத்தும் பாண்டி என்னைக் கண்டதும் ஓடிவந்து நாற்காலி போட்டார். கோயில் திருவிழா வசூலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"சொல்லுங்கய்யா. என்ன விசயமா வந்தீங்க?"

"இரும்பு தூக்க."

யாரோ பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். இளைஞர்கள் தூக்கிய எடைகளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் பாண்டி என் கையில் கொடுத்தது ஒரு மூங்கில் கழி. அதைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். முழங்காலை மடக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, பாரம் உடம்பை ஒட்டி வர வேண்டும், இழுக்கக் கூடாது, கால்களால் தரையைத் தள்ள வேண்டும். கழி கம்பியாயிற்று. கம்பியில் சிறு வட்டுகள் ஏறின. "ஏலக்கா வெலை கூட இப்படி ஏறலையே ஐயா" என்று ஒரு பையன் கேலி செய்தான். "அது எறங்கும். இது எறங்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் வழியாகச் சிலர் என்னைக் கண்டார்கள். அது குறித்து என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

நான் அங்கே கண்டடைந்ததை எப்படிச் சொல்வது என்று பலநாள் யோசித்தேன். இளமை திரும்பவில்லை. மூட்டு வலிக்கிறது. ஆனால் என் வாழ்வில் வேறு எதையும் நான் இப்படிச் செய்ததில்லை. தோட்டம் தகப்பனாரிடமிருந்து வந்தது. மதிப்பு குடும்பப் பெயரிலிருந்து வந்தது. பையை வேறொருவர் தூக்கினார். கம்பிக்கு நான் யார் என்று தெரியாது. தூக்கினால் எழும், இல்லையென்றால் கிடக்கும். இதை ஈஸ்வரி கேன்வாஸ் செருப்பு வாங்கிய அந்த வருடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணம், ஒவ்வொரு முறை குனியும்போதும் வருகிறது. அந்தப் பாதையில் மூச்சு வாங்காமல் ஏறியிருப்பேன். புல்லில் உட்கார்ந்திருக்க மாட்டேன். உட்கார்ந்து நோயே வந்திருந்தாலும், என் காலாலேயே எழுந்திருப்பேன். காய்ச்சல் போனதோடு என் சிகிச்சை முடிந்துவிட்டது, பயிற்சி முடியவில்லை. இனி எந்தக் கட்டிலிலிருந்தும் அவள் என்னைத் தூக்கக் கூடாது. உடம்பு இருக்கும்வரை நான் அந்த மாடிக்குப் போவதற்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

சென்ற மாதம் ஒருநாள், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய அன்று எடைக் கருவியில் நான் கண்ட எண்ணைப் பாண்டியிடம் சொல்லி, கம்பியில் அந்த எடையை ஏற்றச் சொன்னேன்.

"ரொம்ப மெனக்கெடணும்யா இதுக்கு. எதுக்கு இந்தக் கணக்கு?"

"போடுங்க."

குனிந்தேன். முழங்காலை மடக்கினேன். முதுகை நேராக்கினேன். கால் பதிய ரப்பர் தரை இருந்தது, பிடிக்கச் சொரசொரப்பான கம்பி இருந்தது, பக்கத்தில் தாங்கிக்கொள்ளப் பாண்டி இருந்தார், மாதக்கணக்கான பயிற்சி இருந்தது. கம்பி தரையை விட்டு எழுந்து முழங்காலைத் தாண்டியது. அங்கே ஒரு கணம் நின்றது. நிமிர்ந்தேன். பிறகு இறக்கினேன். இளைஞர்கள் கைதட்டினார்கள். நான் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். வியர்வையைத் துடைக்கிறேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஈரக் கழிவறைத் தரையில், வழுக்கும் உடம்பைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராமல், அவள் இதைத் தூக்கியிருக்கிறாள். பல நாள், பல முறை. திரைக்கு அந்தப் பக்கம் அதற்கென்றே ஒரு ஆள் நின்றிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது அவள் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். பின்தலைக்கு வலது கை போகாது. கொண்டை போட முடியாமல் கூந்தலை ஒரு பக்கமாகத் தள்ளி ரப்பர் வளையம் மாட்டிக்கொள்வதுதான் இப்போது வழக்கம். அன்று வெளியே ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"இன்னைக்கு எவ்வளவு தூக்குனீங்க?"

"ஆஸ்பத்திரியில நான் இருந்த எடையை."

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கு அவ்வளவாத் தெரியல" என்றாள். ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டே, "நீங்க அப்பச் சருகு மாதிரில்ல இருந்தீங்க" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் சீப்பை எடுத்துத் தோளுக்கு மேல் பின்பக்கமாக என்னிடம் நீட்டினாள். இடது கையால் நீட்டினாள்.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.